மார்கழியில் சட்டை மாற்றிய நாய்

செல்லக்கனி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராஜபாளையத்துக்கு வந்தால் கிருபாபாய் வீட்டில் காப்பி குடிக்காமல் திரும்பமாட்டாள். அன்று காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கி வந்த அட்டைப்பெட்டியை மேசைமேல் இறக்கினாள். கிருபாபாய் போன வாரம் அனுப்பிய பேண்டேஜ் பெட்டிதான் அது.

"அக்கா, கோவிச்சுக்கிடாதிய. ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டாங்க."

கிருபாபாய் கொண்டுவந்தாள். செல்லக்கனி ஒரு ரோலைப் பிரித்து, சாண் நீளத்துக்குத் துணியைத் தண்ணீரில் நனைத்து எடுத்தாள். நனைந்த துணி துவண்டு அவள் கையோடு ஒட்டிக்கொண்டது. அதில் இழை மாதிரி ஒன்று மட்டும் துவளாமல், ஊசிமுனை மாதிரி நிமிர்ந்து நின்றது.

"தீக்காயத்துக்கு மருந்துல நனைச்சுப் போடப்போனேன். துணி படுத்துட்டு, இது மட்டும் நிக்குது. காஞ்ச துணியில எம்புட்டு நேரம் பாத்தாலும் தெரியாது. வெள்ளையில வெள்ளை."

கிருபாபாய் அதை நகத்தால் எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள். நூல் இல்லை. நூல் இப்படி வழுக்காது. அந்த நேரம் பார்த்து மேசைக்கு அடியில் படுத்திருந்த வீட்டு நாய் தெல்லா எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு வாசலுக்குப் போனது. ஜன்னல் வெயிலில் அது நின்ற இடத்தில் மெல்லிய வெள்ளை முடிகள் மிதந்து மிதந்து இறங்கின. இரண்டு பெண்களும் அவை தரைக்கு வரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் டாக்டர் கண்ணுல காட்டலக்கா. பொங்கல் வரைக்கும் பழைய ஸ்டாக்கை வச்சு ஓட்டிக்கிடுதேன். அதுக்குள்ள சரி பண்ணிருங்க" என்றாள் செல்லக்கனி.

அது தொண்ணூறாம் வருஷத்து மார்கழி. கிருபாபாய் தன் வீட்டு முன்ஹாலில் பேண்டேஜ் ரோல் போடும் வேலையை ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தறிக்காரர்களிடமிருந்து வெளுத்த துணி வாங்கி, அகலம் பார்த்து வெட்டி, கையால் சுற்றும் மிஷினில் ரோலாக்கி, காகிதம் சுற்றிப் பெட்டியில் அடைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அழகுத்தாயும் தெருவில் இன்னும் நாலைந்து பெண்களும் வேலைக்கு வந்தார்கள். புருஷன் ஞானமுத்துவுக்கு நூல் மில்லில் வேலை. விடிவதற்கு முன்பே எழுந்து ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்.

தெல்லா அந்த வருஷம் ஆவணியில்தான் வீட்டுக்கு வந்தது. சுவரேறிக் குதித்து யாரோ ஒரு கட்டுத் துணியைத் தூக்கிக்கொண்டு போனபின், காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ஞானமுத்து சொல்லிவைத்திருந்தார். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த சோலைராஜ் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டைகள் இருந்தன. வளர்ந்தபின் இரண்டும் ஒன்றையொன்று கண்டாலே கடித்துக்கொண்டன. ஒன்றை எங்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில், மல்லியை வைத்துக்கொண்டு தெல்லாவைக் கொடுத்தார். தெலுங்கு பேசும் வீடு. வெள்ளையாக இருந்ததால் வைத்த பேர். ஊர்ப் பேரையே கொண்ட ராஜபாளையம் ஜாதி நாய்க்கு உள்ளபடி குட்டை முடி, ரோஸ் நிற மூக்கு, நீண்ட கால். வந்த முதல் வாரத்திலேயே கிருபாபாயைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது. அவள் வேலை செய்யும் மேசைக்கடியில்தான் படுக்கும். வேறு யார் கூப்பிட்டாலும் காது மட்டும் அசையும்.

செல்லக்கனி போனபின் கிருபாபாய் வேலையை நிறுத்திவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இதுவரை எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று ஆச்சரியமாக இருந்தது. சிவப்பு சிமெண்ட் தரையில் ஈரத்துணியால் துடைத்தால் துணி முழுக்க முடி. மிஷின் பிடியில் முடி. தன் சேலைக் கரையில், தலையணையில், அரிசி புடைக்கும் சுளகில் முடி. ஐப்பசியில் இப்படி இல்லை என்பது அவளுக்கு நிச்சயம். கார்த்திகைக் கடைசியில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஞானமுத்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவர் பெட்டியைப் பார்த்தார். மில்லில் ஒரு சிப்பம் பஞ்சில் சணல் நார் கலந்துவிட்டாலே என்ன பாடு என்பது தெரிந்த மனுஷர்.

"கொண்டுபோய் விட்டுருவமா?"

"எங்க?"

"தோப்புலதான்."

"மொதல்ல ஏன் கொட்டுதுன்னு பாக்கணும்" என்றாள் கிருபாபாய். "எங்க ஊர்ப் பக்கம் மார்கழின்னா வெள்ளாட்டுக்குக்கூட முடி அடர்த்தியாகும். பனி கொட்டுற மாசத்துல ஒரு உயிர் இருக்கிற முடியை உதுக்குமா? எனக்கு அதுதான் ஓடமாட்டேங்குது."

"ஏட்டி, நாய் முடி ஏன் கொட்டுதுங்கிறதா இப்பப் பிரச்சினை? பேண்டேஜுல கொட்டுதே, அதுதான் பிரச்சினை."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அவளுக்குக் கேள்வி போகவில்லை.

அழகுத்தாய் உடம்புச் சூடு என்றாள். மோர் ஊற்றிப் பார்த்தார்கள். இன்னொருத்தி வேப்பெண்ணெய் தடவச் சொன்னாள். தடவியதில் வீடே நாறியது, எண்ணெயோடு சேர்ந்து முடி கொத்துக் கொத்தாக வந்தது. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் துணிச்சிப்பம் ஏற்றிப்போகும் டெம்போவில் இடம் கேட்டு, தெல்லாவைச் சங்கிலியோடு ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே டாக்டர் உக்கிரபாண்டி என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். ஆலங்குளம் பக்கத்துக்காரர், வயது முப்பதுக்குள். தெல்லாவின் வாயைக் கிருபாபாய் கையால் மூடிப் பிடித்துக்கொள்ள, அவர் முடியை எதிர்த்திசையில் நீவி நீவி, காது முதல் வால் வரை பார்த்தார்.

"தோல் சுத்தமா இருக்கும்மா. சொறி இல்ல, உண்ணி இல்ல, வட்டவட்டமா முடி போன இடமும் இல்ல. இங்க பாருங்க, பழைய முடிக்குக் கீழ புது முடி முளைச்சுக்கிட்டு இருக்கு. இது நோயில்ல. சட்டை மாத்துது."

"குளிருக்குப் போட்ட சட்டையைக் குளிர்லயே கழட்டுவாகளா சார்?"

டாக்டர் கை கழுவப் போனவர் நின்றார்.

"பங்குனி சித்திரையில கொட்டணும். மார்கழியில கொட்டக்கூடாதுதான்." தெல்லாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்னு எனக்குத் தெரியலையேம்மா."

அந்தப் பதிலில் கிருபாபாய்க்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை வந்தது. வெளியே ஒரு எருமையும் இரண்டு ஆடுகளும் காத்திருந்தன. அவற்றைப் பார்த்து அனுப்பிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி வந்து, அவளுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நாய்க்கு மாசம் தெரியாது. ஆனா கோடை வருதா, குளிர் வருதான்னு அது உடம்புக்கு எப்படியோ தெரிஞ்சாகணும். சூடு குளிரை வச்சுத் தெரியலாம். சாப்பாடு மாறினாலும் முடி கொட்டும். மூணாவது, வெளிச்சம். பகல் நீண்டுக்கிட்டே போனா கோடை வருதுன்னு உடம்பு எடுத்துக்கிடும். கோழிப்பண்ணையில முட்டைக்காக லைட் போடுறாங்கள்ல, அதே சங்கதிதான். ஆனா நாய்க்குன்னு நாங்க படிச்சதெல்லாம் பனி உறையிற தேசத்து நாய். அங்க கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நம்ம ஊர்ல மிஞ்சிப்போனா ஒரு மணி நேரம் கூடக் குறைய இருக்கும். அம்புட்டுக்கு இந்த நாய் அசையுமான்னு எனக்குச் சந்தேகம்."

"அப்ப எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. ரெண்டை ஒண்ணா மாத்திராதீங்க. பொறவு எது வேலை செஞ்சதுன்னு தெரியாது."

பூச்சி மருந்து மட்டும் கொடுத்தார். என்ன நடக்கிறது என்று தனக்கு வந்து சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

கிருபாபாய் சாப்பாட்டில் ஆரம்பித்தாள். தோப்பில் தெல்லாவுக்குக் கம்பஞ்சோறும் கருவாட்டுத் தலையும் போட்டு வளர்த்திருந்தார்கள். இங்கே வந்தபின் அரிசிச்சோறும் மிச்சமான குழம்பும்தான். திரும்பவும் கம்பு வாங்கி இடித்து, கருவாடு போட்டுப் பிசைந்து வைத்தாள். தெல்லா சட்டியை நக்கிக் காலி செய்தது. முடி கொட்டுவது குறையவில்லை.

இதற்கிடையில் மற்ற ஆர்டர்களை நிறுத்த முடியவில்லை. பகலில் தெல்லாவை அடுப்படியில் கட்டிப் போட்டுவிட்டு, ஹாலைக் கழுவித் துடைத்து, சேலை மாற்றிக்கொண்டு வேலை நடந்தது. அப்படியும் ஒருநாள் அழகுத்தாய் மிஷினில் ஓடிக்கொண்டிருந்த துணியை நிறுத்தி, நாக்கில் விரலை நனைத்து ஒற்றி எடுத்தாள். விரல் நுனியில் ஒரு முடி. அவள் அதைக் கிருபாபாயிடம் காட்டும்போது ஞானமுத்துவும் அங்கே நின்றுகொண்டிருந்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கிருபாபாய் புது வருஷ ஆராதனைக்குப் பாட்டுப் பழக வேதக்கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அடுப்படியில் சங்கிலியும் இல்லை, நாயும் இல்லை. ஞானமுத்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தில் தோப்புப் பாதையின் செம்மண் ஒட்டியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கேட்டா நீ விடமாட்ட."

"அது தெரிஞ்சுதான நீங்க கேக்கல."

"உன் தொழிலு போகுது கிருபா. நாய் எங்க இருந்தாலும் நாய்தான்."

அவள் அவருக்குச் சோறு வைத்தாள். தான் சாப்பிடவில்லை. அவர் ஏதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். தெல்லா படுக்கும் இடத்தில் மேசைக்கடியில் தரை கொஞ்சம் பளபளவென்று தேய்ந்திருந்தது. அவள் தரையைத் துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

விடிந்ததும் டவுன் பஸ் ஏறி, கடைசி ஸ்டாப்பில் இறங்கி, தோப்புக்கு நடந்தாள். மலையிலிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கால் வரப்பில் புல்லெல்லாம் பனி. தூரத்தில் அவள் நடை சத்தம் கேட்டதுமே தெல்லா ஊளையிட ஆரம்பித்தது. ஒரு தென்னையில் கட்டியிருந்தார்கள். முன்னால் வைத்த சோறு அப்படியே எறும்பு மொய்த்துக் கிடந்தது. இடது காது நுனி கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது.

சோலைராஜ் பம்புசெட் அறையிலிருந்து வந்தார். ஐம்பது வயதுக்காரர். தலையில் துண்டைக் கட்டியிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் போன கையோட ரெண்டும் பிடிச்சுக்கிச்சும்மா. நான் குறுக்க விழுந்து பிரிச்சேன். அக்காளும் தங்கச்சியும் சொத்துச் சண்டைக்காரங்க மாதிரி."

கிருபாபாய் தெல்லாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு செத்த நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது அவளுடைய கருநீலச் சேலை முன்பக்கம் முழுக்க வெள்ளையாகியிருந்தது. அதைத் தட்டப் போனவள் கையை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, மல்லியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுதியளா?"

மல்லி பம்புசெட் அறைக்கு அந்தப்பக்கம் கட்டிக் கிடந்தது. அதே உயரம், அதே ரோஸ் மூக்கு. கிருபாபாய் வாய்க்காலில் கையை நனைத்து, கழுத்திலிருந்து வால் வரை அழுத்தித் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு முடி, இரண்டு முடி. திரும்பவும் நனைத்துத் தடவினாள். அதே கையோடு வந்து தெல்லாவைத் தடவினாள். உள்ளங்கை தெரியாமல் முடி அப்பிக்கொண்டது.

சோலைராஜும் கிட்டே வந்து பார்த்தார். "அவுனு, ஆமா. போன மார்கழியில ரெண்டும் இங்கதான கிடந்துச்சு. ரெண்டுக்கும் கொட்டல. பங்குனியிலதான் கொட்டும்."

"மல்லிக்கு இப்பவும் கம்பஞ்சோறுதானா?"

"அதேதான். கம்பு, கருவாடு."

அப்படியானால் சாப்பாடு இல்லை. கிருபாபாய் தோப்பைச் சுற்றிப் பார்த்தாள்.

"ராத்திரி எங்க படுக்கும்?"

"இங்கதான், வெட்டவெளியில."

"லைட்டு?"

"பம்புக்கு மட்டும்தான் கரண்டு. பொழுது விழுந்தா கும்மிருட்டு."

கிருபாபாய் மெல்ல உட்கார்ந்தாள். ஐப்பசியில் ஆர்டர் கூடியபின், ஹாலில் நாலு டியூப்லைட்டையும் போட்டு ராத்திரி பத்து மணிவரை ரோல் சுற்றினார்கள். விடியுமுன் ஞானமுத்து எழுந்து மறுபடி போடுவார். பனிக்காற்றுக்கு ஜன்னலை அடைத்துவிடுவதால் அத்தனை பேர் மூச்சில் ஹால் கதகதவென்று இருக்கும். மேசைக்கடியில் தெல்லா.

"எங்க வீட்டுல இதுக்குப் பொழுதே விழலை அண்ணாச்சி" என்றாள். "ஐப்பசியில திடீர்னு சித்திரை வந்துட்டுதுன்னு நினைச்சிருக்கும்."

சோலைராஜுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னாள். அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் நாயை அவிழ்த்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள் என்பதால் நடந்தே திரும்பினாள். பாதி வழியில் ஞானமுத்து சைக்கிளில் எதிரே வந்தார். மில்லுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். இறங்கி, தெல்லாவின் கிழிந்த காதைப் பார்த்தார். தொடக் கை நீட்டினார். தெல்லா தலையைத் திருப்பிக்கொண்டது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தார்.

வெகுதூரம் போனபிறகு, "என்ன செய்யப்போற?" என்று கேட்டார்.

"மேசை, மிஷின் எல்லாத்தையும் அழகுத்தாய் வீட்டுக்கு மாத்தப்போறேன். அவ மகன்க திருப்பூருக்குப் போனதுல இருந்து முன்வீடு சும்மாதான் கிடக்கு. நம்ம ஹால்ல பொழுது விழுந்தா லைட்டு கிடையாது. நீங்க காலையில எந்திரிச்சா அடுப்படி லைட்டைப் போட்டுக்கோங்க."

"நாய்க்காக இம்புட்டும்?"

"நாய்க்காகவும்தான். அங்க நாய் வராதுல்ல, துணிக்கும் நல்லது."

அன்று சாயங்காலமே பெரிய மேசையை ஒரு பக்கம் ஞானமுத்துவும் மறுபக்கம் அழகுத்தாயும் பிடித்துத் தூக்கினார்கள். வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசலிலேயே சேலையைத் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும் என்று அழகுத்தாய் தன் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். கிருபாபாய்க்கு மட்டும் அங்கே தனியாக ஒரு சேலை கொடியில் தொங்கியது.

அன்றிலிருந்து ஞானமுத்துவுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் கையை நனைத்துக்கொண்டு தெல்லா பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் ஒரு இழுப்பு இழுத்து, உள்ளங்கையைக் கிருபாபாயிடம் நீட்டுவார். முதலில் தெல்லா எழுந்து போய்விடும். பிறகு உட்கார்ந்தபடி பொறுத்துக்கொண்டது. தை பிறந்தபின் முடி குறைய ஆரம்பித்தது. தை கடைசியில் கை கிட்டத்தட்டச் சுத்தமாக வந்தது.

பொங்கல் கழித்துப் போன பெட்டியில் செல்லக்கனி ரோல் ரோலாக நனைத்துப் பார்த்தாள். ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை. அடுத்த தடவை வந்தபோது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

டாக்டர் உக்கிரபாண்டி ஒரு வேலையாக ராஜபாளையம் வந்தவர் வீடு தேடி வந்தார். ஹாலைப் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது. மேசை இருந்த இடத்தில் தெல்லா மட்டும் கிடந்தது.

"ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டீங்களேம்மா. லைட்டும் போச்சு, கதகதப்பும் போச்சு. எதுனால நின்னுச்சுன்னு எப்படிச் சொல்ல?"

"தெரியுது சார். ஆர்டரையும் காப்பாத்தணும்ல" என்றாள் கிருபாபாய்.

அவர் சிரித்துவிட்டார். "அதுவுமில்லாம, அது பாட்டுக்குச் சட்டை மாத்தி முடிச்சிருக்கலாம். நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாலும் தையில நின்னிருக்கலாம்."

இது அவளுக்குத் தோன்றவில்லை. அவர் போனபின் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மார்கழி வரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மார்கழியும் வந்தது. ஞானமுத்துவின் கை சுத்தமாகவே வந்தது. பங்குனியில் வெயில் ஏறியபோது தெல்லா மற்ற நாய்களைப்போலக் கொட்டியது. கிருபாபாய் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் துணி கொண்டுபோனபோது டாக்டரிடம் சொன்னாள். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், "லைட்டா சூடாங்கிறது அப்படியே நிக்குதேம்மா" என்றார்.

அது தீர்ந்தது அதற்கும் அடுத்த மார்கழியில். ஒருநாள் மத்தியானம் சோலைராஜ் வந்து வாசலில் நின்றார். எப்போதும் வெள்ளை வேட்டி கட்டுகிறவர், அன்று காவிக்கரை போட்ட பச்சை லுங்கியில் வந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே லுங்கியெல்லாம் வெள்ளை முடி.

"உங்க வீட்டு நோய் எங்க தோப்புக்கு வந்திருச்சும்மா. மல்லிக்குக் கொட்டுது. வேட்டியில தெரியாதேன்னு லுங்கியைக் கட்டிக்கிட்டு வந்தேன்."

கிருபாபாய்க்கு முதலில் முகம் விழுந்துவிட்டது. மல்லி வெட்டவெளியில் கிடக்கும் நாய். லைட்டும் இல்லை, கதகதப்பும் இல்லை. அதற்கே கொட்டுகிறது என்றால், தான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் தப்பு.

"சாப்பாடு மாத்துனியளா?"

"இல்லயே."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அவளும் ஞானமுத்துவும் போனார்கள். டாக்டருக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் தன் மோட்டார் சைக்கிளில் அவர்களுக்கு முன்பே வந்து மல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோல் சுத்தமா இருக்கு. தெல்லாவுக்கு இருந்த மாதிரியே, கீழ புது முடி."

மல்லி போட்ட குட்டிகளில் ஒன்றைச் சோலைராஜ் வைத்துக்கொண்டிருந்தார். அது வளர்ந்து ஆண்நாயாகி, தோப்பின் மறுகோடியில் வேலிப்படலுக்குப் பக்கத்தில் காவல் கிடந்தது. அதற்கும் அதே கம்பு, அதே கருவாடு. ஞானமுத்து வாய்க்காலில் கையை நனைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து போனார். சோலைராஜ் பிடித்துக்கொள்ள, ஒரு இழுப்பு இழுத்து, கையைத் தூக்கிக் காட்டியபடியே திரும்பி வந்தார். கை சுத்தம். மல்லியைத் தடவினார். கை வெள்ளை.

"ஒரே தோப்பு, ஒரே பனி, ஒரே சாப்பாடு" என்றார் டாக்டர். "தாயும் பிள்ளையும் வேற."

கிருபாபாய் மல்லி கட்டிக் கிடந்த இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். வாய்க்கால், பம்புசெட் அறை, தென்னை, அதற்கடியில் சேனைக்கிழங்குப் பாத்தி. பாத்தியில் மண் ஆங்காங்கே கிளறிக் கிடந்தது. பிறகு தலையை நிமிர்த்தினாள். பம்புசெட் அறையின் மூலையில் புதிதாக ஒரு இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் தெருவிளக்கு மாதிரி ஒரு பெரிய மெர்க்குரி லைட் மாட்டியிருந்தது.

"அண்ணாச்சி, இது எப்பப் போட்டிய?"

"இதா? காட்டுப்பன்னி வந்து கிழங்கைத் தோண்டிருதும்மா. ஐப்பசியில போட்டேன். பொழுது விழுந்ததுல இருந்து விடியிற வரைக்கும் எரியும். படலு வரைக்கும் எட்டாது, இங்க மட்டும்தான் பகல் மாதிரி."

டாக்டர் லைட்டைப் பார்த்தார், மல்லியைப் பார்த்தார், படலைப் பார்த்தார். வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"சூடு இல்ல" என்றார். "இங்க ஏது சூடு, இந்தப் பனியில. லைட்டுதாம்மா. லைட்டேதான்." அவர் முகத்தில் பரீட்சையில் பாஸான பையனின் களை இருந்தது. "நம்ம ஊர்ப் பகல் கூடக்குறைய ஆகிறதுக்கு இது அசையாதுன்னு நான் சொன்னேன் பாருங்க. ராத்திரியையே எடுத்துட்டா அசையாம என்ன செய்யும்."

கிருபாபாய் மல்லியின் அருகில் குனிந்து அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். இரண்டு வருஷம் மனசுக்குள் கிடந்த கேள்வி இறங்கியதில் அவளுக்கு உடம்பே லேசாக இருந்தது. ஞானமுத்து அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் மில்லுல எத்தனையோ வருஷமா லைட்டுக்குக் கீழதான் நிக்கேன்" என்று தன் வழுக்கையைத் தடவினார். "இதுக்கும் அதுதானா டாக்டர்?"

"அது உங்க அப்பாருகிட்ட கேக்கணும்" என்றார் டாக்டர்.

சோலைராஜ் லைட்டை எடுக்க முடியாது என்றார். பன்றிக்கு யார் பதில் சொல்வது? எடுக்க வேண்டாம், மல்லியைப் பம்புசெட் அறைக்குப் பின்பக்கம் இருட்டில் கட்டினால் போதும் என்றாள் கிருபாபாய். இன்னும் ஒரு மாசம் லைட்டுக்கடியிலேயே விட்டு வைத்தால் நல்லாத் தெரிஞ்சிக்கலாமே என்று டாக்டர் மெதுவாக இழுத்தார். சோலைராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க படிக்கிறதுக்கு எங்க நாய் முடியைக் கொட்டணுமா? சரிதான் போங்க." அப்போதே சங்கிலியை அவிழ்த்துப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டினார். வர ஆரம்பித்திருந்த புது முடியோடு மல்லி அங்கே போய் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது.

டாக்டர் கிளம்பிப் போனபின், கிருபாபாயும் ஞானமுத்துவும் இளநீர் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்கள். ஊருக்குள் பஸ் நுழையும்போது பொழுது விழுந்திருந்தது. ஞானமுத்துவின் மில் வாசலில் பஸ் நின்றது. உள்ளே வரிசையாக ஜன்னல்கள் எல்லாம் வெளிச்சம். கேட் பக்கத்து வேப்பமரத்தின்மேல் இரண்டு பெரிய விளக்குகளின் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. மரம் முழுக்க மைனாக்கள், சந்தை மாதிரி இரைச்சல்.

கிருபாபாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த வெளிச்சத்துல இதுக எப்பத் தூங்கும்?"

"எனக்கென்ன தெரியும். நான் பாத்ததில்ல."

"தினம் இந்தக் கேட்டு வழியாத்தான போறிய, வாறிய."

"போறேன். மரத்தையா பாத்துக்கிட்டு நிப்பேன்?"

"நாளைக்குப் பாருங்க" என்றாள்.

மறுநாள் ஞானமுத்து ஷிப்ட் முடிந்து வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வரவில்லை. இருட்டிய பிறகுதான் சைக்கிள் சத்தம் கேட்டது. கையைக்கூடக் கழுவாமல் நேரே அழகுத்தாய் வீட்டுக்கு வந்து, மிஷின் சுற்றிக்கொண்டிருந்த கிருபாபாய் பக்கத்தில் நின்று, வேப்பமரத்து மைனாக்களைப் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.